காரியதரிசியின் பாதிப் படம்

கண்ணாயிரம் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டால் படத்தில் பாதி முடிந்தது என்று அர்த்தம். அவரைப் பொறுத்தவரை முழுதும் முடிந்தது. பட்டுச் சேலை முந்தானைக்குக் கட்டத்தாளில் டிசைன் போடுவது தொழில். மயிலோ மாங்காயோ, ஒரு பக்கம் எழுதினால் போதும். மறுபக்கத்தைத் தறியே திருப்பி நெய்துவிடும். "மீதிய தறி பாத்துக்கும்பா" என்பார். தெருப் பிள்ளைகள் யானை கேட்டால் ஒரு காது, ஒரு தந்தம், அரைத் தும்பிக்கை கிடைக்கும்.

பிள்ளையார்பாளையம் சித்திரச் சங்கத்துக்கு அவர்தான் காரியதரிசி. 1962-இல் சைக்கிள் கடை மாடியில், போர்டு எழுதும் சனாவுல்லாவோடு சேர்ந்து ஆரம்பித்தது. ஒரு வருஷம் மாடி ஒழுகி ஆறு படங்கள் ஊறின. ஒரு வருஷம் தலைவருக்கு மாலை வாங்கியவர்கள் ஆணி வாங்க மறந்தார்கள். அப்படியும் பத்துக் கண்காட்சி நடத்தியாயிற்று. பத்திலும் மற்றவர்கள் படத்தை மட்டம் பார்த்து மாட்டியவர் கண்ணாயிரம். தன் பெயர் போட்ட படம் ஒன்றாவது அந்தச் சுவரில் தொங்க வேண்டும் என்று அவருக்குக் கொள்ளை ஆசை. ஆசையைவிடப் பயம் பெரிது.

பதினோராவது வருஷம் துணிந்துவிட்டார். மனைவி ஜெயம்மாளின் முகம், வாட்டர் கலரில். காலையில் மாட்டிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தவருக்கு உயிரே போய்விட்டது. அரை நெற்றி, ஒரு கண், அரை மூக்கு, மீதி வெள்ளைத்தாள். பழகிய கண்ணுக்கு வீட்டில் அது முழுசாகவே தெரிந்திருக்கிறது. கதவு திறக்க இன்னும் ஒரு மணி நேரம்.

சனாவுல்லா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இன்னாபா செக்ரட்டரி, மீதி தறியிலகீதா?"

"கழட்டிடுறேன் பாய்."

"கழட்டாதபா. அந்தக் கண்ணு அப்படியே பேசுது."

சனாவுல்லாவே பக்கத்து சலூனில் கண்ணாடி இரவல் வாங்கிவந்து, பாதி முகம் முடிகிற இடத்தில் நிறுத்திப் பிடித்தார். முழு முகம் வந்துவிட்டது. எல்லோருக்கும் சுண்டல் கொண்டுவந்த ஜெயம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"யாருங்க இந்தப் பொம்பள?"

"நீதாம்மா."

"என் மச்சம் எங்க? இந்தக் கன்னத்துலதான இருக்குது. அது தறிக்குத் தெரியுமா?" என்று சொல்லிவிட்டு அவளும் சிரித்தாள்.

கண்ணாயிரம் கண்ணாடியை நகர்த்தச் சொன்னார். தலைவருக்குப் போட்டிருந்த நாற்காலியில் அவளை உட்காரவைத்து, அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தூரிகையைத் தோய்த்து, வெற்றுத் தாளில் முதலில் அந்த மச்சத்தை வைத்தார்.