அத்தை கழற்றிய செட்டு

காரில் பாட்டுக் கேட்கக் கம்பெனியிலேயே வைத்துக் கொடுத்த செட்டை வீட்டுச் சாமான்களைக் கொண்டு கழற்ற முடியுமா என்று யாராவது கேட்டால், பேஷாக முடியும் என்பேன். என் அத்தை கழற்றியபோது பக்கத்தில் நின்று பார்த்தவள் நான்.

மூன்றாம் வகுப்பு விடுமுறைக்குப் பண்ணைக்காட்டில் அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். மாமா கொடைக்கானலுக்குச் சுற்றுலா வருகிறவர்களுக்குக் கார் ஓட்டினார். அத்தைக்கு மார்பில் கட்டி. ஆபரேஷன் பண்ணியாக வேண்டும், வீட்டில் பேசி முடிவு சொல்லுங்கள் என்று மதுரை டாக்டர் சொல்லியிருந்தார். வீடு முழுக்க ஆட்கள், புருஷன் பெண்டாட்டி தனியாகப் பேச வழியில்லை. காரில் ஏறி அத்தை வாயைத் திறந்தால் போதும், மாமா பாட்டுச் சத்தத்தைக் கூட்டிவிடுவார். மனிதருக்குப் பாட்டு என்றால் அவ்வளவு உயிர் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுபடி மதுரைக்குப் போவதற்கு முந்தின நாள் சவாரி இல்லை. மத்தியானம் மாமா தூங்கும்போது அத்தை சாவியை எடுத்துக்கொண்டு காருக்கு வந்தாள். செட்டு மாற்றுவது எப்படி என்று போனில் ஓடும் வீடியோவை அவள் கண்ணுக்கு நேராகப் பிடிப்பது என் வேலை. முதலில் பேட்டரி வயரைக் கழற்றினாள். தோசைத்திருப்பியில் துணியைச் சுற்றி, செட்டைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் சட்டத்தை நெம்பி எடுத்தாள். உள்ளே நாலு திருகாணி. மூன்று கைக்கு வந்தன, ஒன்று டேஷ்போர்டுக்குள் விழுந்து தொலைந்தது. செட்டை முன்னால் இழுத்து, பின்பக்கம் வயர் செருகியிருந்த கொக்கியை அமுக்கிப் பிரித்தாள். இனி புது செட்டை மாட்டுங்கள் என்றான் வீடியோக்காரன். அத்தை போனை வாங்கி அணைத்தாள். பேட்டரி வயரை மட்டும் திரும்ப மாட்டிவிட்டு, செட்டைக் கொண்டுபோய் பீரோவில் சேலைகளுக்கு அடியில் வைத்தாள்.

மறுநாள் வெள்ளனே மாமா கார்க் கதவைத் திறந்தார்.

“எவனோ செட்டக் கழட்டிட்டுப் போயிட்டாண்டி.”

“நாந்தாங்க கழட்டுனேன்.”

“ஒனக்கென்ன கிறுக்கா? எதுக்கு?”

“நான் பேசறது ஒங்க காதுல விழணும்ல. ஏறுங்க, நேரமாகுது.”

மாமா ஏறி வண்டியை எடுத்தார். வளைவுகளில் எனக்கு வாந்தி வரும் என்பதால் அத்தை என் கையில் ஒரு எலுமிச்சம்பழத்தைக் கொடுத்திருந்தாள். உள்ளே விழுந்த திருகாணி வளைவுக்கு வளைவு உருண்டுகொண்டு வந்தது. ஊத்து என்கிற ஊரைத் தாண்டியதும் அத்தை, “என்னங்க” என்றாள். மாமா சட்டென்று கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

“பாப்பா, ஒரு பாட்டுப் பாடு.”

எனக்குச் சொல்ல வேண்டுமா? தெரிந்ததையெல்லாம் எடுத்துவிட்டேன். ஒன்று முடிந்தால் மாமா இன்னொன்று கேட்டார். மூன்றாவது பாட்டின் நடுவில் அத்தை திரும்பி, மலைவாழைப்பழம் ஒன்றை உரித்து என் வாயில் திணித்தாள்.

நான் மென்று முடிப்பதற்குள் அவள் சொல்லிவிட்டாள். “எனக்குப் பயமா இருக்குங்க. நீங்களும் காதப் பொத்திக்கிட்டா நான் யார்ட்டப் போய்ச் சொல்லுவேன்?”

டம்டம் பாறை பக்கம் மாமா காரை ஓரங்கட்டினார். இறங்கிப் போய், சாலையோரச் சுவரைப் பிடித்துக்கொண்டு எங்களுக்கு முதுகு காட்டி நின்றார். தோள் குலுங்கியது. அத்தையும் போய்ப் பக்கத்தில் நின்றாள். எனக்குப் பாவமாக இருந்தது. ஓடிப்போய் எலுமிச்சம்பழத்தை நீட்டினேன்.

“மோந்து பாருங்க மாமா, சரியாப் போயிரும்.”

அவர் வாங்கி மூக்கில் வைத்துக்கொண்டார். முகமெல்லாம் நனைந்திருந்தது. அதைத் துடைத்துக்கொண்டு அத்தையிடம், “இன்னைக்கே ஆபரேஷனுக்குத் தேதி கேட்டுருவோம்” என்றார்.

என் பழம் வேலை செய்துவிட்டது என்று எனக்கு ஒரே பெருமை. அந்த மலையிலேயே பிறந்து, அதே வளைவுகளில் வண்டி ஓட்டிப் பிழைக்கிறவருக்கு எப்படித் தலை சுற்றும் என்று கேட்க அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.