ஊரின் நிரந்தர நோயாளி

ஆற்றங்கரையை ஒட்டிய அந்த ஊரில் பஞ்சர் கடை வைத்திருந்தவருக்கு ‘நோயாளி’ என்று பட்டப்பெயர். உடம்புக்கு ஒன்றுமில்லை, ஆள் தூண் மாதிரி இருப்பார். வெள்ளம் வந்தால் யார் யார் என்ன செய்வது என்று ஊர்க்காரர்களே குழு அமைத்து ஒத்திகை பார்க்கத் தொடங்கியபோது, ஸ்ட்ரெச்சரில் படுக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. குழுத்தலைவியான தையல்காரம்மா கூட்டத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு இவரைக் கைகாட்டினார்.

“இவரைத் தூக்கிட்டா ஊர்ல யாரை வேணாலும் தூக்கிடலாம்.”

அதன்பிறகு எல்லா ஒத்திகையிலும் அவர்தான் அடிபட்டவர். இரண்டு இரும்புக் குழாய், நடுவே இறுக்கித் தைத்த தார்ப்பாய். நாலு பேர் மூச்சு வாங்க, மேட்டிலிருக்கும் பள்ளிக்கூடம்வரை சுமப்பார்கள். ஒருமுறை குழாயடிச் சேற்றில் நழுவவும் விட்டார்கள். எழுந்து துடைத்துக்கொண்டு, “ம், மறுபடி தூக்குங்க” என்றார்.

அவருடைய மாமனாரும் அதே வீட்டில்தான் இருந்தார். லாரி ஓட்டி ஓய்ந்தவர், வாய் மட்டும் ஓயவில்லை. “எங்க மாப்பிள்ளைக்குப் படுத்துக்கிறதுன்னா கரும்பு தின்னக் கூலி குடுத்த மாதிரி” என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

அந்த மழைக்காலத்தில் மாமனாரே குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். கட்டிலைவிட்டு இறங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். காயம் ஆறுவதற்குள் ஆறு ஏறிவிட்டது. அணையைத் திறந்துவிட்டார்கள் என்று மதியம் மைக்கில் அறிவிப்பு வந்தது. பால்காரரும் இன்னும் மூன்று பேரும் ஸ்ட்ரெச்சரோடு வாசலில் வந்து நின்றார்கள்.

மாமனார் கட்டில் சட்டத்தை இறுகப் பிடித்துக்கொண்டார். “நான் வரலை. நீங்க போங்க.”

“அப்பா, தண்ணி தெருவுக்கு வந்துடுச்சுப்பா!” மகள் கையைப் பிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை.

பஞ்சர் கடைக்காரர் கட்டிலருகே குந்தினார். “வலிக்கும்னு பயமா மாமா?”

“வலி கெடக்கட்டும். காலமெல்லாம் லாரி ஓட்டினவன் நான். ரோடே தெரியாம மல்லாந்துகிட்டு எப்படிப் போறது?”

மருமகனுக்குச் சட்டென்று புரிந்தது. அந்தத் தார்ப்பாயில் கிடந்தால் வானம் மட்டும்தான் தெரியும். திடீரென்று தலை இறங்கும், கால் ஏறும். சுமப்பவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். படுத்திருப்பவரிடம் யாரும் எதுவும் சொல்வதில்லை. கேலி செய்வார்களே என்று அவரும் இதை வெளியே சொன்னதில்லை.

“நான் தலைமாட்டுலேயே வரேன் மாமா. ரோட்டை நான் சொல்றேன். நீங்க ஓட்டுங்க.”

மாமனார் அவரையே பார்த்தார். பிறகு சட்டத்திலிருந்து கையை எடுத்தார்.

தெருவில் இறங்கியதும் பஞ்சர் கடைக்காரர் குரலை உயர்த்தினார். “எடதுபக்கம் பள்ளம். வரட்டும், வரட்டும். இப்ப மேடு, தலை கொஞ்சம் தூக்கும்.”

“வளைவுல மெதுவா ஒடிக்கச் சொல்லுங்க மாப்பிள்ளை!”

பால்காரர் அந்தச் சுமையிலும் சிரித்துவிட்டார்.

சிறுபாலத்தின் மேல் தண்ணீர் முழங்காலுக்கு ஓடியது. சுமந்தவர்கள் காலால் தடவித் தடவி நடந்தார்கள். “மாமா, இப்ப தண்ணி. சத்தம் பெருசா கேக்கும். முதுகு நனையலாம். வேற ஒண்ணுமில்ல.” மாமனார் கண்ணை மூடி, மருமகனின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். “ரைட்... ரைட்... ஏறியாச்சு மாமா!”

பள்ளிக்கூடத்தில் பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு அவரைக் கிடத்தினார்கள். தையல்காரம்மா அறை அறையாகப் பார்த்துவிட்டு வந்து, “எல்லாரும் வந்தாச்சு, ஒருத்தரும் பாக்கியில்ல” என்றார். அதைக் கேட்டதும் பஞ்சர் கடைக்காரர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மனைவி பக்கத்தில் வந்து அமர்ந்து, அவர் தோளில் சாய்ந்துகொண்டாள்.

“முதல்ல மாப்பிள்ளைக்கு டீ குடும்மா” என்றது பெஞ்சுப் பக்கமிருந்து ஒரு குரல். “கிளீனர் பட்டினி கெடந்தா வண்டி நகராது.”

அன்று சாயங்காலம் அவர்கள் வீட்டுக் கட்டில் மூழ்கியது. தண்ணீர் வடிந்ததும் அக்கம்பக்கத்தார் சேர்ந்து வீடு வீடாகச் சேற்றை வழித்தெடுத்தார்கள். பஞ்சர் கடைக்காரர் வீட்டு முறை வந்தபோது தையல்காரம்மா கேட்டார்: “அடுத்த ஒத்திகைக்கு வேற யாரையாவது படுக்க வைக்கலாமா?”

“தாராளமா வைங்க” என்றார் அவர், மண்வெட்டியை ஊன்றி நிமிர்ந்து. “முக்கியமா, தூக்குற நாலு பேரையும் ஒரு தடவை படுக்க வைங்க.”