சிபாரிசு செய்யப்பட்ட ஆடு

பேத்தியின் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு காகிதம் வந்திருந்தது. ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்குச் சிபாரிசு செய்யப்படும் புதிய புத்தகங்கள் என்று தலைப்பு. கதைகள் ஒரு பக்கம், கதை அல்லாதவை ஒரு பக்கம். என் மகள் அதைப் பயபக்தியோடு படித்தாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிள்ளைகளின் புத்தகத்துக்குச் சிபாரிசு என்று எங்கே பார்த்தாலும் எனக்கு ஓர் ஆடுதான் நினைவுக்கு வரும்.

எங்கள் பக்கத்தில் சிபாரிசு என்றால் வேலைக்குக் கேட்பார்கள், மாற்றலுக்குக் கேட்பார்கள். புத்தகத்துக்கும் அது வேண்டியிருக்கும் என்று அறுபதுகளின் தொடக்கத்தில்தான் தெரிந்துகொண்டேன். காஞ்சிபுரத்தில் தறிச் சத்தத்தில் வளர்ந்த நான், ஆசிரியர் பயிற்சி முடித்து, உத்திரமேரூருக்குத் தெற்கே ஒரு கிராமத்துப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். ஐந்து வகுப்பு, இரண்டு ஆசிரியர். நாலும் ஐந்தும் தலைமை ஆசிரியருக்கு, மற்ற மூன்றும் எனக்கு. தலைமை ஆசிரியர் என்று சொல்லிக்கொள்ள அவருக்குக் கீழே ஒருத்தி வேண்டுமே, அதற்கு நான்.

பிள்ளைகளிடம் இருந்தது ஒரே பாடப்புத்தகம். அதுவும் அண்ணன் படித்து, அக்காள் படித்து, அட்டை போய் வந்தது. சேர்ந்த முதல் மாதம் மூன்றாம் வகுப்பைப் படிக்கச் சொன்னபோது அசந்து போனேன். ஓர் எழுத்துப் பிசகாமல் கடகடவென்று படித்தார்கள். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டிருந்தபோது, ஊருக்கு வெளியே தள்ளியிருந்த காலனியிலிருந்து வரும் ஒரு பெண் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு படிப்பதைப் பார்த்தேன். அத்தனையும் மனப்பாடம். முந்தின வருஷத்துப் பிள்ளைகள் கத்தியதைக் கேட்டே பாடம் முழுக்க வாயில் ஏறியிருந்தது. படிக்கத் தெரியுமா தெரியாதா என்பது அந்தச் சரஸ்வதிக்கே வெளிச்சம்.

அந்தப் பெண்ணின் தாய் வயல்வேலைக்குப் போகிறவள். தை மாதத்தில் ஒரு நாள் மதியச் சோற்று நேரத்தில் வந்து வாசலுக்கு வெளியிலேயே நின்றாள். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. சித்திரையில் சொர்ணவாரி நடவு தொடங்கும், அதற்குள் ஒரு முடிவு தெரிய வேண்டும் என்றாள்.

"இதுக்குப் படிப்பு ஏறுதா இல்லியா, நீயே சொல்லு டீச்சரம்மா. ஏறலைன்னா என்கூட நடவுக்கு இட்டுக்கினு போயிடறேன். சும்மா குந்திக்கினு இன்னா பண்ணப்போவுது?"

நியாயமான கேள்வி. எனக்குப் பதில் தெரியவில்லை. பார்த்தேயிராத ஒரு புத்தகத்தை அந்தப் பெண் கையில் கொடுத்தால்தான் தெரியும், அப்படி ஒரு புத்தகம் ஊரிலேயே இல்லை. கொஞ்சம் பொறுத்துக்கொள், புதுப் புத்தகம் வரப்போகிறது, உன் முன்னாலேயே படிக்க வைத்துக் காட்டுகிறேன் என்றேன். யூனியன் ஆபீசிலிருந்து புத்தகப் பெட்டி வருவதாகப் பேச்சு அடிபட்டிருந்தது. அந்தப் பேச்சை நம்பித்தான் வாக்குக் கொடுத்தேன்.

நம்ப முடியாத விஷயம், பெட்டி அடுத்த வாரமே பஸ் கூரையில் ஏறி வந்தது. திறந்தால் புது மை வாசனை. பெரிய எழுத்து, பக்கத்துக்குப் பக்கம் படம். தழை தின்று அலுத்துப்போய்ப் பட்டணத்துக்குப் பஸ் ஏறும் ஆட்டின் கதை ஒன்று. கதை அல்லாததில் எறும்பைப் பற்றி ஒன்று, மழை எப்படி வருகிறது என்று ஒன்று. இன்னும் சில. நான் ஆட்டைத் தூக்கிக்கொண்டு வகுப்புக்கு ஓடப் பார்த்தேன். தலைமை ஆசிரியர் கை நீட்டித் தடுத்தார். கூடவே ஒரு உத்தரவு வந்திருந்தது. உள்ளூர்க் குழு ஒன்று படித்துப் பார்த்து, தகுந்தது என்று சிபாரிசு செய்த பிறகே புத்தகங்களைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டுமாம்.

சாமி வரம் கொடுத்துவிட்டது. பூசாரிகள் மூன்று பேர் கூடினார்கள். பஞ்சாயத்து பிரசிடெண்ட், ரைஸ் மில் முதலாளி, தலைமை ஆசிரியர். பிரசிடெண்ட் கையெழுத்தை மட்டும் ஜோராகப் போடுவார், மற்றபடி எழுத்துக் கூட்டித்தான் படிப்பார் என்பது ஊருக்கே தெரியும், அவருக்கு மட்டும் அது ரகசியம்.

முதல் கூட்டத்தில் கதை என்பதே பொய்தானே, பொய்யைப் பிள்ளைகளுக்குச் சர்க்கார் செலவில் கொடுக்கலாமா என்று மில் முதலாளி கேட்டார். நெல்லை எடை போடுவதில் அவர் எவ்வளவு மெய் பேசுவார் என்று கேட்க என் நாக்கு துடித்தது. பிரசிடெண்டுக்கு வேறு கவலை. ஆடு டிக்கெட் எடுக்காமல் பஸ் ஏறுகிறதே, இது சட்டவிரோதம் இல்லையா? எறும்பு அரிசி தூக்கிப் போகும் படம் தன் மில்லைக் குத்திக் காட்டுவதாக முதலாளிக்குச் சந்தேகம். மழைப் புத்தகத்தில் வருண பகவானைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையே என்று தலைமை ஆசிரியர் வருத்தப்பட்டார். முழுக்கப் படித்துப் பார்க்காமல் முடிவு சொல்வது பாவம் என்று ஆளுக்கு ஒன்றாக வீட்டுக்கு எடுத்துக்கொண்டார்கள். மிச்சம் பீரோவுக்குள் போயிற்று, சாவி தலைமை ஆசிரியரின் பூணூலில்.

கலைவதற்கு முன் பிரசிடெண்ட் என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"டீச்சரம்மா, இந்தப் புஸ்தகமெல்லாம் எல்லா வூட்டுப் புள்ளைங்க கையிலயும் போவுமா?"

எல்லா வீடு என்று அவர் சொன்னபோது கண் காலனிப் பக்கம் போய் வந்தது. எல்லாரும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்தான் என்றேன். மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வெளிப்படையாக ஒன்றும் சொல்ல முடியாத காலம் வந்துவிட்டது. ஆகவே ஒரு தீர்மானம் போட்டார்கள்: சுத்தமான கை உள்ள பிள்ளைகளே புத்தகத்தைத் தொடலாம்.

அந்தத் தீர்மானத்தைப் பிள்ளைகள்தான் மதித்தார்கள். மறுநாளிலிருந்து வகுப்புக்கு வருமுன் எல்லாரும் கை கழுவினார்கள். ஊர்ப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்துக் கிணறு இருந்தது. காலனிப் பிள்ளைகள் ஏரிக்கால்வாயில் இறங்கி, மண் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு, வேறெதையும் தொட்டுவிடாதபடி இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டே வந்தார்கள். வந்து என்னிடம் காட்டுவார்கள். நான் பார்த்து, சரி, நாளைக்குப் பார்க்கலாம் என்பேன். தை போய் மாசி வந்தது. நீட்டிய கைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவமானமாக இருந்தது. என்னவோ நான் எடுத்து ஒளித்து வைத்தது போல.

ஆட்டைக் கேட்டு பிரசிடெண்ட் வீட்டுக்குப் போனேன். வைக்கோல் போர் பக்கத்தில் கயிற்றுக்கட்டிலில், மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மடியில் ஆட்டுக் கதை. விரலில் வெற்றிலைச் சுண்ணாம்பு, அந்த விரல் வரியின் மேல் எழுத்தெழுத்தாக நகர்ந்துகொண்டிருந்தது. சுற்றி அவர் மனைவி, மருமகள், களத்து ஆட்கள் இரண்டு பேர் கதை கேட்டுக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் அவர் புத்தகத்தை மூடவில்லை. இன்னும் பாதிதான் ஆயிற்று, அவசரப்பட்டு சிபாரிசு செய்ய முடியாது என்றார். அந்தப் புத்தகத்தைச் சோறு வடிக்கும் நேரத்தில் படித்து முடித்துவிடலாம்.

மில்லுக்குப் போனேன். தராசுத் தட்டில் எறும்புப் புத்தகம் கிடந்தது, தாளுக்குத் தாள் தவிடு. எறும்பு தன் எடையைப்போலப் பல மடங்கு தூக்குமாம், நீங்கள் ஒரு மூட்டைக்கே முனகுகிறீர்களே என்று முதலாளி மூட்டை தூக்குகிறவர்களைத் திட்டிக்கொண்டிருந்தார். ஆக, புத்தகத்தால் கல்வி பரவிக்கொண்டுதான் இருந்தது. தலைமை ஆசிரியரோ நாலாம் வகுப்புக்குக் கணக்குப் போட்டுவிட்டு வாசலில் நின்று மேகத்தைப் பெயர் சொல்லி அழைத்துக்கொண்டிருந்தார். மூக்குப்பொடி தோய்ந்த அவர் விரல் பட்டு மழைப் புத்தகத்தில் கார்மேகம் நன்றாகவே கூடியிருந்தது.

இதிலும் ஒரு வெட்கக்கேட்டை மாசிக் கடைசியில்தான் கண்டேன். பள்ளிக்கூட வாசலில் மில் முதலாளி பிரசிடெண்டிடம், "ஆடு முடிஞ்சிச்சா? எறும்பை எடுத்துக்கினு ஆட்டைக் குடு, சோக்கா கீதாமே" என்று கேட்டுக்கொண்டிருந்தார். சிபாரிசு நடக்கவில்லை என்று நான்தான் தப்பாக நினைத்திருக்கிறேன். மும்முரமாக நடந்திருக்கிறது, அவர்களுக்குள்ளேயே. பீரோவில் இருந்தவையும் ஒவ்வொன்றாக வெளியே போய்விட்டிருந்தன. வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் போய்ச் சொல்வது? சொல்லும் இடத்திலும் அவர்கள்தான் இருந்தார்கள்.

பங்குனி பிறந்தது. அந்தத் தாய் திரும்ப வந்து, எங்கே உன் புத்தகம் என்று கேட்காமல் கேட்டபடி நின்றாள். மகள் மட்டும் நாள் தவறாமல் கை கழுவுகிறாள், தோலே உரிந்துவிடும் போலிருக்கிறது என்றாள். எனக்கு அன்றைக்கு ஆத்திரம் தாங்கவில்லை. சாயங்காலம் நேரே பிரசிடெண்ட் வீட்டுக்குப் போனேன். சண்டை போடத்தான் போனேன். ஆனால் அவர் என்னை உட்காரச் சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்தி ஒன்று கேட்டார். கதை முடிவில் ஆடு பட்டணத்துப் பஸ் ஸ்டாண்டில் வாழையிலையைத் தின்றுகொண்டு நிற்கிறது, அதோடு புத்தகம் தீர்ந்துவிட்டது.

"டீச்சரம்மா, அந்த ஆடு திரும்பி ஊருக்கு வருதா இல்லியா?"

சண்டையை அப்படியே விழுங்கினேன். அது அடுத்த பெட்டியில் வரும் புத்தகத்தில் இருக்கிறது என்றேன். முதல் பெட்டியைப் பிள்ளைகள் படித்துவிட்டார்கள் என்று எழுதிப் போட்டால்தான் யூனியன் ஆபீசில் அடுத்த பெட்டியை அனுப்புவார்கள் என்றும் சேர்த்துக்கொண்டேன். இரண்டும் முழுப் பொய். இன்றைக்கும் அதற்காக ஒரு துளி வருத்தம் இல்லை.

இரண்டு மாதமாக அசையாத சிபாரிசு ஒரே ராத்திரியில் நடந்து முடிந்தது. மறுநாள் வழங்கும் விழா. மாவிலைத் தோரணம், மேஜை மேல் ஜமுக்காளம், புத்தகக் குவியலுக்குச் சந்தனம் குங்குமம். குவியலைப் பார்த்தேன். தவிடும் பொடியும் போக, மஞ்சள் கறை, எண்ணெய்க் கறை, ஓர் அட்டையில் வட்டமாகக் காப்பி டம்ளர். பிரசிடெண்ட் பேச எழுந்தார். புத்தகம் சரஸ்வதி என்றார், அழுக்குக் கையால் தொட்டால் சரஸ்வதி ஓடிப்போவாள் என்றார். பிள்ளைகள் கழுவிய கையை நீட்டியபடி கேட்டுக்கொண்டிருந்தார்கள். வாசலுக்கு வெளியே அந்தத் தாய் வந்து நின்றாள். நான்தான் வரச் சொல்லியிருந்தேன்.

முதல் புத்தகம் அவள் மகளுக்கு என்று நானே கூப்பிட்டுவிட்டேன். பிரசிடெண்டுக்கு வேறு வழியில்லை. ஆட்டுக் கதையை எடுத்தார், ஆனால் கொடுக்கவில்லை, ஒரு சாண் மேலேயிருந்து அந்தக் கைகளில் போட்டார். போட்டது கீழே விழாமல் பிடித்துக்கொண்டாள். படி என்றேன்.

அவள் திறந்தாள். நேராகத்தான் பிடித்திருந்தாள். ஒரு ஊ-ரில் ஒரு ஆ-டு என்று தொடங்கினாள். நின்றாள், உதட்டை நனைத்துக்கொண்டாள், அடுத்த சொல்லைக் கூட்டினாள். கடகடவென்று ஒப்பிக்கிற அந்தப் பெண் இல்லை. ஒவ்வொரு எழுத்தாகத் தடவித் தடவிப் போனாள். மனப்பாடம் திக்காது. படிப்புதான் திக்கும்.

ஆடு பஸ் ஏறிய பக்கத்தில் நின்றேவிட்டாள். கட்டைவிரல் அகலத்துக்குச் சுண்ணாம்பு காய்ந்து எழுத்தை மறைத்திருந்தது. சுரண்டிப் பார்த்தாள், வரவில்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்து, குறும்பு ஏதுமில்லாமல், தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"டீச்சர், இத்தப் படிச்சவங்க கையக் கழுவலியா?"

மில் முதலாளி தோரணத்தை அண்ணாந்து பார்த்தார். தலைமை ஆசிரியர் பொடி டப்பாவை மடியில் செருகிக்கொண்டார். பிரசிடெண்டுக்கு அந்தக் கேள்வி காதில் ஏறவேயில்லை. கதை பாதியில் நிற்பது அவருக்குப் பொறுக்கவில்லை.

"கண்டக்டர்னு கீது. கண்டக்டர் ஆட்டாண்ட வந்தார். மேல படி."

அவள் மேலே படித்தாள். பிரசிடெண்டின் உதடும் கூடவே அசைந்தது. வாழையிலை வரைக்கும் போய்ச் சேர வெகுநேரம் ஆயிற்று. ஒருவரும் எழுந்து போகவில்லை.

முடிந்ததும் நான் வாசலுக்குப் போனேன். அந்தத் தாயின் முகம் வாடியிருந்தது. முன்பெல்லாம் மகள் மழை மாதிரி கொட்டுவாள், இன்றைக்கு ஊர்ப் பெரிய மனுஷர்கள் எதிரில் இப்படித் தடுமாறிவிட்டாளே என்று அவளுக்கு.

"இன்னா டீச்சரம்மா, இப்பிடித் திக்குது. அப்போ படிப்பு ஏறலியா?"

முன்பு கொட்டியது காதால் கேட்டது, இன்று திக்கியது கண்ணால் படித்தது, இதுவரை பார்க்காத எதைக் கொடுத்தாலும் இனி இவள் இப்படித் திக்கித் திக்கிப் படித்துவிடுவாள் என்றேன். அவள் உள்ளே எட்டிப் பார்த்தாள். மகள் இன்னும் சுண்ணாம்பைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். தாய் முந்தானையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டு வயல் பக்கம் திரும்பினாள்.

"அப்போ அது இங்கியே திக்கிக்கினு இருக்கட்டும். நடவுக்கு நான் போய்க்கிறேன்."