கோணல் காலர்

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஏற்றுமதிச் சட்டை தைக்கும் கம்பெனி ஒன்றில் நான் டெய்லர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு திங்கட்கிழமை என்னை லைன் சூப்பர்வைசர் ஆக்கினார்கள். அதுவரை அங்கே ஆண்கள்தான் சூப்பர்வைசர். ஆவடியில் ரயில் ஏறியதிலிருந்து எனக்குக் கால் தரையில் படவில்லை. உள்ளே நுழைந்ததும் பட்டுவிட்டது.

எங்கள் லைனில் காலர் வைக்கிற பெண் பிரசவத்துக்குப் போயிருந்தாள். காலர் நின்றால் அதற்குப் பின்னால் கை, கஃப், பட்டன் எல்லாமே நின்றுபோகும். மேனேஜர் கூப்பிட்டார்.

"ஸ்டெல்லா, சனிக்கிழமை சாயங்காலம் லாரி வருது. சரக்கு ஏறலைன்னா நீ பழையபடி மெஷினுக்கே போயிடு. கொஞ்சிக்கிட்டு நிக்காதே. நாலு பேரை வெரட்டு, தானா வேலை நடக்கும்."

எனக்கு முன்பிருந்தவர் விரட்டித்தான் பார்த்தார். அவர் தலை தெரிந்ததும் எல்லா மெஷினும் கடகடவென்று ஓடும். பாதி மெஷினில் துணியே இருக்காது.

காலர் மெஷினில் உட்கார யாருக்கும் மனசு வராது. ஒருநாள் உதவிக்கு உட்கார்ந்தால் ஆயுசுக்கும் அங்கேயே கட்டிப்போட்டுவிடுவார்கள். லைனில் மூத்தவர் கண்ணம்மாக்கா. அவருக்குக் காலர் வரும் என்று எல்லோருக்கும் தெரியும். கேட்டால், "எனுக்கு இன்னாம்மே தெரியும்? நான் பாக்கெட்டு தைக்கிறவ" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

புதன்கிழமை வரை கெஞ்சிப் பார்த்தேன். பிறகு வாயை மூடிக்கொண்டு நானே காலர் மெஷினில் உட்கார்ந்தேன். முதல் சட்டை வந்தது. காலரின் ஒரு முனை காதைப் பார்த்தது, இன்னொன்று தோளைப் பார்த்தது.

கண்ணம்மாக்கா எட்டிப் பார்த்தார். "இன்னாம்மே இது? இத்த மாட்னா வெள்ளக்காரனுக்குக் கழுத்து சுளுக்கிக்கும்!"

லைனே சிரித்தது. எனக்கும் அடக்க முடியவில்லை. பிரித்து மறுபடி வைத்தேன், மறுபடியும் கோணல். மூன்றாவது முறை பிரிக்கும்போது அக்கா எழுந்து வந்துவிட்டார்.

"எந்திரிம்மே, துணி பாவம். ஆனா ஒண்ணு, அந்தப் பொண்ணு வர்ற வரைக்கும்தான்."

"சத்தியமாக்கா. அதுவரைக்கும் உங்க பாக்கெட் மெஷின்ல நான் உக்காந்துக்கிறேன்."

அன்று சாப்பாட்டு மணி அடித்தும் யாரும் எழவில்லை. நான்தான் பிடித்துத் தள்ளி அனுப்பினேன்.

சனிக்கிழமை மதியம் மேனேஜர் வந்தார். நான் பாக்கெட் தைத்துக்கொண்டிருந்தேன். "சூப்பர்வைசரே மெஷின்ல உட்கார்ந்தா யாரு மதிப்பா?"

தலையைத் தூக்காமலே கண்ணம்மாக்கா சொன்னார்: "நாங்க மதிக்கிறோம் சார். நீங்களும் ஒரு கத்திரி எடுங்கோ, நூலு வெட்ட ஆளு பத்தல."

மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார், சட்டைக் கையை மடித்தார், உட்கார்ந்துவிட்டார்!

"சார், நூல மட்டும் வெட்டுங்கோ. சட்டைய வெட்டிடாதீங்கோ!" என்றார் அக்கா.

மேனேஜருக்குப் பல் இருப்பதையே நான் அன்றுதான் பார்த்தேன்.

இருட்டுவதற்குள் லாரி கிளம்பியது. என் வேலையும் பிழைத்தது. பிரசவமான பெண் திரும்பி வந்த அன்றே அக்காவைப் பாக்கெட் மெஷினுக்கு மாற்றினேன். மேனேஜர் முறைத்தார், இருந்தாலும் மாற்றினேன். அதற்குப் பிறகு எங்கள் லைனில் எந்த மெஷினும் ஆளில்லாமல் நின்றதில்லை.

புதிதாகச் சூப்பர்வைசர் ஆகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். வேலை நின்றுபோனால், யாரும் உட்காராத மெஷினில் நீங்கள் போய் உட்காருங்கள். தைக்க வராவிட்டால் இன்னும் நல்லது.