உறைபனியைக் கூப்பிட்டவள்

செனோவியா இறந்த ஐந்தாம் நாள், மலையூர் வழக்கப்படி அவளுடைய துணிகளை ஆற்றில் அலசிக்கொண்டிருந்தார்கள். கரையில் உட்கார்ந்து கோக்கா இலை மென்றபடி அவளுடைய தம்பி எவரிஸ்தோ சொன்னார்:

"ஊரு பூரா பனி போகணும்னு புகை போடும். எங்கக்கா ஒருத்திதான் வா, வான்னு கூப்பிட்டா. வந்துச்சு. அவளையே தூக்கிட்டுப் போயிடுச்சு."

துவைத்தவர்கள் சிரித்தார்கள். நகரத்துப் பயிர்நோய் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கும் செனோவியாவின் மகள் நீல்டா சிரிக்கவில்லை.

ஊரிலேயே உயரமான உருளைக்கிழங்கு வயல் செனோவியாவுடையது. அந்தக் குளிரில் அசுவினிப் பூச்சி தங்காது. செடிக்குச் செடி வைரஸைக் கடத்த ஆளில்லை. அதனால் பள்ளத்தாக்கு ஆட்கள் விதைக்கிழங்குக்கு அவள் வாசலில் வந்து நின்றார்கள். பேரம் பேசுகிறவனை மட்டும் வைவாள். "கிழங்குக்குக் காது கேக்கும்டா. மெதுவாப் பேசு."

பிறகு இரவுகளில் குளிர் குறைந்தது. மழைக்காலத்தின் நடுவே மழை விட்டு வெயில் காய்ந்தது. அசுவினி பெருகி, காற்றோடு மலையேறியது. இலைகள் சுருண்டன. கிழங்கு ஆண்டுக்காண்டு சிறுத்தது. ஊர் வானத்தைப் பார்க்கவில்லை. "செனோவியா கை கெட்டுப்போச்சு" என்றது. விதை கேட்டு யாரும் வரவில்லை.

மற்றதுக்குத் தொற்றாமல் இருக்க நோய்ச்செடியைப் பிடுங்கிப் போடச் சொல்லி நீல்டா மன்றாடினாள். பூத்த செடியைப் பிடுங்கினால் கிழங்கு அழும் என்பது அங்கே பிள்ளைகளுக்கும் தெரியும். "வயித்துல புள்ளையோட நிக்கிறா. எப்படிடி பிடுங்குவேன்?" என்றாள் செனோவியா. அதற்குப் பதில் இரவெல்லாம் வயலிலேயே படுத்து, பூச்சி சாகட்டும் என்று உறைபனியை வேண்டினாள். நெஞ்சில் சளி கட்டிப் போய்ச் சேர்ந்தாள்.

நீல்டா ஈரப்பாவாடையைக் கல்லின்மேல் போட்டாள். "அம்மா கை கெட்டுப்போச்சுன்னு முதல்ல சொன்னது யாரு மாமா?"

"ஊரே சொல்லுச்சு. அந்த வயல் இனி தேறாதுன்னு கூட்டத்துல முடிவு பண்ணியாச்சு. நாளைக்கு அங்க லாமா மந்தையை மேய விடப்போறோம்."

அவள் ஒரு சாக்கை எடுத்துக்கொண்டு அம்மாவின் வயலுக்கு ஏறினாள். இலையைத் திருப்பிப் பார்த்து, சுருண்ட செடிகளை வேரோடு பிடுங்கிச் சாக்கில் திணித்தாள். எவரிஸ்தோ மூச்சிரைக்க வந்து சேர்ந்தார்.

"துக்க நாளும் அதுவுமா பூவோட பிடுங்குறியே. கிழங்கு அழும்டி."

"லாமா மேய்ஞ்சா மட்டும் சிரிக்குமா?"

பொழுது சாயும்போது மேல்மூலையில் இலை சுருளாத செடிகள் ஒரு பாய் அகலத்துக்கு மிஞ்சின. எவரிஸ்தோ குனிந்து பார்த்தார். குரல் இறங்கியிருந்தது.

"இது தேறினா எனக்கும் கொஞ்சம் விதை தருவியா?"

"தரேன். எங்கக்கா கையில குறையில்லைன்னு கூட்டத்துல எந்திரிச்சு நின்னு சொல்லுங்க. அதுவரைக்கும் ஒரு கிழங்கு கிடையாது. நாளைக்கு லாமா இங்க வந்தா, என்னை மிதிச்சுக்கிட்டுதான் மேயணும்."

அவர் போகாமல் அந்தச் செடிகளுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தார். நீல்டா சாக்கின் வாயை இழுத்துக் கட்டினாள்.