சிவப்புப் பட்டைச் சீர்

மூளையின் அடியில் சில நரம்புத்திரள்கள் உள்ளன. அவற்றை ஒன்றோடொன்று இணைக்கும் நார்களைக் கரும்பலகையில் வண்ணச் சாக்பீஸால் வரைந்தே மருத்துவக் கல்லூரியில் என் பணிக்காலம் கழிந்தது. ஓய்வுக்குப் பின், அந்த நார்களில் ஒரு கற்றை என் மனைவியிடம் நலியத் தொடங்கியது. பார்க்கின்சன் நோய். நடந்துகொண்டே இருப்பாள், வாசலைக் கண்டால் கால்கள் தரையில் ஒட்டிக்கொள்ளும்.

அவள் தம்பி மகளின் திருமணம் திருப்பூரில் நடந்தது. சக்கர நாற்காலியில் வரமாட்டேன், நடந்துபோய்த்தான் அட்சதை போடுவேன் என்று சொல்லிவிட்டாள்.

மைத்துனர் வேலம்பாளையத்தில் பனியன் கம்பெனி நடத்துபவர். அவருக்கு விளக்கினேன்: தானாக நடக்கும் வழி அடைபட்டாலும், தரையில் குறுக்குக்கோடு தெரிந்தால் அதைத் தாண்டும் கட்டளை வேறு நார்களின் வழியே காலுக்குப் போய்விடும்.

"அப்ப மெயின் லைன்ல கரண்ட் இல்லீங்க, ஜெனரேட்டர்ல ஓட்டறம். அதானுங்க மச்சான்?"

தேர்வுத்தாளில் இதற்கு அரை மதிப்பெண் கொடுத்திருப்பேன்.

முகூர்த்தத்தன்று மண்டப வாசலிலிருந்து மேடைவரை, பனியன் காலருக்கு வாங்கிய சிவப்பு ரிப் துணியைப் பட்டை பட்டையாக வெட்டிக் குறுக்கே ஒட்டியிருந்தார்.

மாப்பிள்ளை வீட்டார் தென்மாவட்டத்திலிருந்து பனியன் வேலைக்கு வந்து இங்கேயே தங்கியவர்கள். கொங்குக் கல்யாணத்தில் சீர் எனப்படும் சடங்குகளுக்கு முடிவே இல்லாததால், முந்தைய நாளெல்லாம் ஒவ்வொன்றையும் கேட்டுக் கேட்டுச் செய்திருந்தார்கள். இதைக் கேட்கக் கூச்சம்போலும். செருப்பைக் கழற்றி, வலது காலை முன்வைத்து, ஒவ்வொரு பட்டையாகத் தாண்டினார்கள். அதைக் கண்டு எங்கள் பக்கத்தாரும் தாண்டினார்கள். நாதஸ்வரக்காரர் வாசித்தபடியே தாண்டினார்.

என் மனைவியும் தாண்டினாள். எங்கும் நிற்கவில்லை. என் கை தேவைப்படவில்லை. மேடையேறி அட்சதை போட்டாள்.

திரும்பிப் பார்த்தால் பட்டைகளைக் காணோம். பெண் வீட்டின் மூத்தவர் நடந்ததும் சீர் முடிந்தது என்றெண்ணி, மாப்பிள்ளையின் அத்தை அவற்றை உரித்து, தட்டில் வெற்றிலையோடு அடுக்கி, மைத்துனரிடம் பணிவாக நீட்டிக்கொண்டிருந்தார். மணமக்களின் பக்கத்தில் என் மனைவி அசையாமல் நின்றாள். நாற்காலி கொண்டுவரட்டுமா என்றேன்.

"வேண்டாங்க. நல்ல எடமாப் பாத்துத்தான் நின்னிருக்கறேன். நீங்க போயி சாப்புடுங்க."

மைத்துனர் பட்டைகளை மறுபடி ஒட்டி முடிக்கும்வரை, மேடையேறிய ஒவ்வொரு குடும்பமும் அவளோடு சேர்ந்துதான் படமெடுத்துக்கொண்டது. மங்கலம் என்ற ஊரிலிருந்து வந்த ஒரு குடும்பம் அவளிடமே குக்கரைக் கொடுத்துவிட்டு இறங்கியது. அந்நோய் முகத்திலும் சிரிப்பைக் குறைத்துவிடும் என்று வகுப்பில் சொல்லியிருக்கிறேன். அன்று குறைக்கவில்லை.

அவள் இறந்து இன்னும் ஓராண்டு ஆகவில்லை. திருப்பூரில் எனக்குத் தெரியாத பல வீடுகளின் படங்களில் அவள் நின்றுகொண்டிருக்கிறாள்.