வராத படத்துப் பாட்டு

பழைய ஆம்ப்ளிஃபயர் சூடேறும்போது தூசியும் ரப்பரும் லேசாகக் கருகுவது போல ஒரு வாசனை வரும். காரைக்காலில் எங்கள் வீட்டு மாடியறையிலிருந்து அந்த வாசனை படியிறங்கி வந்தால், இன்னும் ஐந்து நிமிடத்தில் என் அண்ணன் சேவியரின் கிதார் ஆரம்பிக்கும் என்று அர்த்தம். பாரிஸிலிருந்து விடுமுறைக்கு வந்த மாமா கொண்டுவந்து கொடுத்தவை இரண்டும். ஆம்ப்ளிஃபயரை வீட்டில் "பொட்டி" என்போம். "பொட்டியப் போட்டுட்டான், இனிமே அடுப்புல மீன் தீஞ்சாலும் எனக்குத் தெரியாது" என்பாள் அம்மா. அண்ணன் அந்தப் பொட்டியில் எத்தனையோ வாசித்தான். நான் சொல்ல வந்தது அவனே எழுதி மெட்டுப் போட்ட ஒரே ஒரு பாட்டைப் பற்றி. அதைக் கெடுத்தவள் நான்தான் என்பதால் எனக்கு அதைச் சொல்லும் கடமையும் இருக்கிறது.

வீட்டுக்கு மூத்தவள் ரெஜினா அக்கா, அடுத்து சேவியர் அண்ணன், எட்டு வருடம் கழித்துக் கடைக்குட்டி நான். அக்காவுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள மாப்பிள்ளை அமைந்து, விசாவுக்குக் காத்திருந்த சமயத்தில் அந்தச் சண்டை வந்தது. கல்லூரித் தேர்வுக்குப் போகிறேன் என்று கிளம்பிய அண்ணன், திருமலைராயன்பட்டினத்தில் ஒரு கல்யாணக் கச்சேரிக்கு வாசிக்கப் போய்விட்டான். அக்கா அதைக் கண்டுபிடித்து அப்பாவிடம் சொல்லிவிட்டாள். கோட்டுச்சேரி கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் எழுத்தராக இருந்த அப்பாவுக்குக் கோபம் வந்தால் சத்தம் வராது. கிதாரை எடுத்து பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். அண்ணன் அதோடு அக்காவிடம் பேசுவதை நிறுத்தினான். இரண்டு மாதம், ஒரே வீட்டில், ஒரே குழம்பை ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டு, ஒரு வார்த்தை இல்லை.

அக்கா பாரிஸுக்குக் கிளம்பிய அன்று, அப்பாவின் நண்பருடைய நீல நிற அம்பாசிடர் வாசலில் நின்றது. சென்னை விமான நிலையம் வரை போக அதில் எனக்கும் அம்மா மடியில் ஓர் இடம் கிடைத்திருந்தது. தெருவில் நின்ற ஒவ்வொருவரிடமும் "போயிட்டு வர்றேன்" சொல்லிக்கொண்டு வந்த அக்கா, கடைசியாக மாடியைப் பார்த்து, "சேவியர், போயிட்டு வர்றேன்டா" என்றாள். இன்னொரு முறை சொன்னாள். "தூங்குறான்மா, நேரமாவுது, ஏறு" என்றாள் அம்மா. அந்தப் பகல் வேளையில் யார் தூங்குவார்கள் என்று அக்காவும் கேட்கவில்லை.

ஒரு வாரம் கழித்து அப்பாவே பீரோவைத் திறந்து கிதாரை வெளியில் எடுத்து வைத்தார். "வீடு ரொம்ப அமைதியா இருக்கு" என்றார், அவ்வளவுதான். அந்தப் பாட்டு அதற்குப் பிறகு பிறந்தது. மாமா கொடுத்த வெளிநாட்டுக் கேசட்டுகளைக் கேட்டுக் கேட்டு அண்ணனுக்குப் பிடிபட்டிருந்த வகை அது: ஒற்றைக் கிதாரோடு மெல்லத் தொடங்கும், இரண்டு சரணம் வரை தனக்குள்ளேயே பேசிக்கொண்டு போகும், மூன்றாவதில் டிரம்ஸும் கிதாரும் சேர்ந்து கொட்டித் தீர்த்துவிடும். "ராக் பாலட்" என்று பெயர் சொன்னான். அம்மா வைத்த பெயர் "அழுமூஞ்சிப் பாட்டு".

"வெள்ளைக் காரு தெரு திரும்புது, போயிட்டு வான்னு சொல்லாம நிக்கிறேன்" என்பது அதன் பல்லவி. யாருக்காக என்று அவன் சொல்லவில்லை. ஆனால் நோட்டில் பாட்டுக்கு மேலே "அக்காவுக்கு" என்று எழுதி அடித்திருந்ததை நான் பார்த்துவிட்டேன். அடித்தது சரியாக மறைக்கவில்லை.

எங்கள் பங்குக் கோயில் திருவிழாவில், தேர்பவனிக்கு முந்தைய மாலை நடந்த கச்சேரியில்தான் அது முதலில் மேடையேறியது. பன்னிரண்டு வயதில் எனக்குக் குரல் கணீரென்று இருக்கும் என்பதால் அறிவிப்பாளர் நான். பாட்டுக்குப் பாட்டு படத்தின் பெயரைச் சொல்லி அறிவிக்க வேண்டும். ஊரில் பாட்டு என்றால் அது ஏதாவது ஒரு படத்தில் வந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் கூட்டம் எழுந்து சுண்டல் வாங்கப் போய்விடும். அண்ணன் கொடுத்த தாளில் ஏழாவது பாட்டுக்கு நேரே படத்தின் பெயர் இல்லை. "சொந்தப் பாட்டு" என்று மட்டும் இருந்தது. முன்வரிசையில் ஒரு குடும்பம் அப்போதே செருப்பைத் தேடிக்கொண்டிருந்தது. எனக்குப் பயம் வந்துவிட்டது. "அடுத்து, விரைவில் வெளிவரவிருக்கும் திரைப்படத்திலிருந்து" என்று சொல்லிவிட்டேன்.

செருப்பைத் தேடியவர்கள் உட்கார்ந்தார்கள். பாட்டு ஆரம்பித்து இரண்டு சரணம் முடியும் வரை டிரம்ஸ்காரர் நிஜாம் அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, என் அண்ணனுக்கும் அவருக்கும் ஏதோ மனஸ்தாபம் என்று கூட்டம் நினைத்துக்கொண்டது. "தம்பி, அடிங்க தம்பி, கோவிச்சுக்காதீங்க" என்று ஒரு பெரியவர் கீழிருந்து சமாதானம் பேசினார். மூன்றாவது சரணத்தில் நிஜாம் அண்ணன் அடித்த அடியில் மடியில் தூங்கிய குழந்தைகளெல்லாம் விழித்து அழுதன. அந்தப் பெரியவர் எழுந்தே நின்றுவிட்டார். பாட்டு முடிந்தது. பிறகு விசில். பிறகு மேடைக்குத் துண்டுச் சீட்டு: "வராத படத்துப் பாட்டு, ஒன்ஸ்மோர்."

பாட்டுக்கு அதுவே பெயராகிவிட்டது. கல்யாண வீடுகளில் கேட்டார்கள். பெண்ணை அனுப்பி வைக்கும் நேரத்தில் பாடினால் அம்மாக்கள் அழுதார்கள். கேசட் கடையில் படம் எப்போது வரும் என்று விசாரித்தார்கள். கருக்களாச்சேரியிலிருந்து வீட்டுக்கு மீன் கொண்டுவரும் மீன்காரம்மா, போஸ்டரையே கும்பகோணத்தில் பார்த்துவிட்டதாகச் சொன்னார். "ஏன்டி அப்புடிச் சொன்ன?" என்று அண்ணன் என்னைக் கேட்டது ஒரே முறைதான். "எந்திரிச்சுப் போயிருப்பாங்கண்ணே" என்றேன். "சரி, விடு" என்றான். ஊர் என்ன நினைத்தாலும் அவனுக்குக் கவலையில்லை. கேட்க வேண்டியவள் ஒருத்தி கேட்டால் போதும் என்றிருந்தான். மாடியறையில் அதைப் பாடிப் பதிவு செய்து, பாரிஸுக்குப் போகிற சொந்தக்காரர் ஒருவரிடம் கேசட்டைக் கொடுத்தனுப்பினான்.

அந்தக் கேசட் போய்ச் சேருவதற்குள், மேடையில் நான் சொன்னதை நம்பியிருந்த அம்மா தொலைபேசியில் பெருமையடித்துவிட்டாள்: "புதுப் படத்துப் பாட்டும்மா, தம்பி என்னமா பாடுறான் தெரியுமா." அக்காவின் கடிதம் வந்தது. இரவுச் சாப்பாட்டின்போது எல்லோருக்கும் வாசித்துக் காட்டியவளும் நான்தான். "சேவியர் குரல் நன்றாக இருக்கிறது. படம் வந்ததும் மற்ற பாட்டுகளையும் அனுப்பச் சொல்லவும்." அண்ணன் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தான், சாப்பிடவில்லை. "அக்காக்கிட்ட நான் சொல்லிடுறேண்ணே" என்று பிறகு மாடியில் போய் நின்றேன். "கேட்டதும் தெரியணும். சொல்லித் தெரிய வச்சா அதுக்குப் பேரு பாட்டா?" என்றான். அதற்குப் பிறகு அந்தப் பாட்டை அவன் எங்கேயும் பாடவில்லை. என் நெஞ்சில் அன்று ஏறிய பாரம் எனக்குக் குழந்தைகள் பிறந்த பிறகும் இறங்கவில்லை.

இப்போது அந்தப் பொட்டி இல்லை, கேசட் கடை இருந்த இடத்தில் செல்போன் கடை. அந்தப் பாட்டைக் கைபேசியில் எப்படித் தேடினாலும் ஒன்றும் வருவதில்லை. அப்பாவும் இல்லை. அண்ணன் மின்துறை வேலையில் தலை நரைத்துவிட்டான். அக்கா இடையிடையே வந்து போவாள், இருவரும் உடம்பு, பிள்ளைகள், வெயில் என்று நன்றாகத்தான் பேசிக்கொள்வார்கள்.

இந்த வருடம் மே மாதம் வந்திருந்தாள். கொல்லையில் இறால் உரித்துக்கொண்டிருந்தபோது அந்தப் பல்லவியை முணுமுணுத்தாள். "ஏன்டி, அந்தப் படம் கடைசி வரைக்கும் வரவே இல்லையே?" என்று கேட்டாள். நான் உரித்துக்கொண்டிருந்த இறாலைக் கீழே வைத்தேன். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்.

அக்கா கையைக்கூடக் கழுவாமல் எழுந்து கூடத்துக்குப் போனாள். அண்ணன் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தான்.

"நான் போனது நீலக் காருடா. நீ வெள்ளைக் காருன்னு எழுதியிருக்க. அதான் எனக்கு சந்தேகமே வரல."

அண்ணன் செய்தித்தாளை மடித்து வைத்தான். "நான் மாடியிலேருந்து ஓடி வர்றதுக்குள்ள வண்டி முக்குத் திரும்பிடுச்சுக்கா. என்ன கலருன்னுகூடப் பாக்கல" என்றான்.

அவள் திரும்பிப் போகிற நாளில் வண்டியை நான்கு மணிக்கு வரச் சொல்லியிருந்தோம். அண்ணன் மூன்று மணிக்கே குளித்து, சட்டை மாட்டிக்கொண்டு வாசலில் போய் நின்றுவிட்டான். அக்கா உள்ளே இன்னும் பெட்டியைக்கூட மூடவில்லை. "வெயிலா இருக்குண்ணே, உள்ள வந்து உக்காரு" என்றேன்.

"இருக்கட்டும்" என்றான்.